வேற வல்லதும்

நர்ஸ் ஷைலஜா பேனாமூடியைப் பல்லில் கடித்தபடி
மூன்றாவது மாசமும் அதையே கேட்டாள்:
"சேச்சி, வேற வல்லதும் கழிக்குன்னுண்டோ?"

கழிப்பதென்றால் அங்கே உண்பது.
களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்
வேண்டாததை எறிவது.
எனக்கு ரெண்டும் தெரியும்.
இல்லை என்றேன், கஞ்சி மட்டும் என்றேன்.
பொய்யை விழுங்க வெள்ளம் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் பிரிட்ஜுக்கு மேலே
பதினோரு குப்பி நிற்கிறது.
மஞ்சள் சத்து, பச்சைத்தேயிலைச் சாரம்,
கோதுமைப்புல் பொடி, நோனிச்சாறு,
பேர் வாயில் நுழையாத ஏதோ காளான்,
பேப்பரில் உலர்த்திய முள்ளாத்தி இலை.

எட்வின்ராஜ் வெள்ளைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்.
சபையில் காணிக்கைப்பை நீட்டுகிறவர்,
இப்போது கோல்டு மெம்பர்.
"பக்க விளைவே கிடையாது, இயற்கையாக்கும்" என்றார்.
அரளிக்காயும் இயற்கைதானே என்று
நாக்கு நுனிவரை வந்தது.
ஜாண்றோஸ் அதற்குள் பெருவிரலை நனைத்து
ரப்பர் ஷீட்டு விற்ற காசை எண்ணத் தொடங்கிவிட்டார்.

மார்பை எடுத்த அன்றைக்கு
அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.
டோக்கனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
டோக்கனை வாங்கிக்கொண்ட பிறகும்
அதே மாதிரி விரலை மடக்கிக்கொண்டு நின்றார்.
அப்புறம் கிடைத்த வேலை இது:
காலை ஆறு, பகல் ரெண்டு, ராத்திரி எட்டு.
போனில் சேவல் கூவும்.
ஒட்டுப்பால் மணக்கிற உள்ளங்கையில்
நாலு மாத்திரை.
அந்தக் கையை எப்படி மடக்கித் திருப்பி அனுப்ப?

ரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.
ஈரல் கணக்கு நாலு மடங்கு ஏறிக் கிடந்தது.
இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது,
"ரெண்டாழ்ச்ச கழிஞ்ஞு வா" என்றார் டாக்டர்.
அங்கே நாளும் கழியும்.
ஜன்னலோரம் என் நாற்காலியில்
பாறசாலைக்காரி ஒருத்தியை உட்கார வைத்தார்கள்.
அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு,
ஷைலஜாவின் முழங்கையைத் தொட்டுச் சொன்னேன்:
உண்டு.

ஜாண்றோஸ் ஒரு சொல் பேசவில்லை.
ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போய்
ரெண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார்,
கட்டைப்பையில் குப்பிகள் ஒன்றோடொன்று இடிக்க.

மருந்தகத்தில் அனீஷ் என்றொரு பையன்,
நெய்யாற்றின்கரைக்காரன், மீசை இன்னும் சரியாக வரவில்லை.
போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு லேபிளாக வாசித்தான்.
எத்தனை, எப்போது, எவ்வளவு நாளாக?
வேதபாடப் பரீட்சைபோல
ஜாண்றோஸ் மடமடவென்று ஒப்பித்தார்.
ஒரு வேளைகூடத் தப்பவில்லை என்றும் சொன்னார்,
அது மட்டும் கொஞ்சம் மெதுவாக.

யாரும் திட்டவில்லை.
தேயிலையையும் மஞ்சளையும் காளானையும்
முதலில் தள்ளி வைத்தான் பையன்.
இதில் ஏதோ ஒன்று, அல்லது மூன்றும்கூட,
எதென்று உறப்பாகச் சொல்ல முடியாது என்றான்.
மற்றதும் இப்போது வேண்டாம்.
கஞ்சி கொள்ளாம், பயறு கொள்ளாம்,
ஓக்கானத்துக்கு இஞ்சி ஒரு துண்டு, அதுவும் கேட்டுவிட்டு.

"அப்போ நான் என்ன செய்யணும்?"

எனக்கா கேட்கிறார், தனக்கா என்று
பையனுக்குப் புரிய நேரம் ஆனது.
மேசை இழுப்பைத் திறந்து
ஒரு தெர்மாமீட்டர் எடுத்தான்.
தினம் மூணு நேரம், எழுதி வையுங்கள்.
நூறைத் தாண்டினால் கூப்பிடுங்கள்,
நடுராத்திரி ஆனாலும்.

தம்பானூரிலிருந்து கடைசி சீட்டில் வந்தோம்.
கால்களுக்கிடையில் அந்தப் பை.
வீசியெறியவில்லை, காசு கொடுத்ததாயிற்றே.
எட்வின்ராஜ் ரெண்டு தடவை அழைத்தார்,
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நின்றபோது
சேவல் கூவியது.
முன்சீட்டில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது.
நான் வாயைத் திறந்தேன்.
கை அதே கை, ஒட்டுப்பால் மணம்,
நாக்குக்கடியில் சில்லென்று ஒரு முனை.

"தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு,"
கண்டக்டருக்கும் கேட்கும்படி வாசித்தார்.
எழுதப் பேனா இல்லை.
டிக்கெட்டின் பின்னால்
நகத்தால் கீறி வைத்துக்கொண்டார்.